தாத்தாவின் ரெட்டைக்குழலுக்கு என்ன விலை சொல்வது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி பழைய துப்பாக்கியைப் பற்றி. ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் பரணை ஒழித்தார்களா என்று தெரியவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

"அப்பாவின் இங்கிலீஷ் ரெட்டைக்குழல் இப்போது என் பெயரில் உரிமத்தோடு இருக்கிறது. ப்ளூ புக் என்ற அமெரிக்கத் துப்பாக்கி விலைக் கையேட்டில் ஒரு விலை, ஏலத்தில் அதே கம்பெனி துப்பாக்கி அதைவிட மூன்று மடங்கு. எதை நம்புவது?" (மயிலாப்பூர்)

இரண்டையும் நம்பலாம் சார், ஆனால் இரண்டுமே உங்கள் துப்பாக்கியின் விலை இல்லை. பத்திரப் பதிவு ஆபீஸில் வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூரில் மனை கேட்டுப் பாருங்கள், தெருமுனை டீக்கடைக்காரரே சிரிப்பார். விலைக் கையேடும் ஏறக்குறைய அந்த ரகம்தான், பல விற்பனைகளைப் பார்த்து ஒருவர் உட்கார்ந்து போட்ட கணக்கு. அதிலும் ஃபேக்டரியில் போட்ட மெருகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று 100, 98, 95 சதவீதம் என இறங்கிக்கொண்டே போகும் கட்டங்கள் இருக்கும், நம் ஆட்கள் எல்லோரும் 95-இல்தான் விரலை வைப்பார்கள். எழுபது வருஷம் கடற்காற்று தின்ற குழலுக்கு 30, 40 தேறினாலே பெரிது.

ஏல விலை வேறு கதை. அன்றைக்கு இரண்டு பேர் விடாப்பிடியாகக் கையைத் தூக்கிக்கொண்டிருந்ததன் விலை அது, அதில் ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தால் பாதிக்குப் போயிருக்கும். அப்புறம், ஏலக் கம்பெனிகள் வெளியிடும் தொகையில் பெரும்பாலும் வாங்குபவர் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கும். சுத்தியல் 1 லட்சத்தில் விழுந்தது, வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம் என்று வையுங்கள், வெளியே தெரிவது 1.25 லட்சம். விற்றவரிடம் 10 சதவீதம் பிடித்தால் அவர் கைக்கு வருவது 90 ஆயிரம். ஒரே துப்பாக்கி, மூன்று விலை.

இதையெல்லாம் டாலர் கணக்கில் பெருக்கிச் சென்னைக்குக் கொண்டுவருவதுதான் பெரிய தப்பு. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே ஏறக்குறைய நின்றுபோனது. அதனால் உள்ளே இருப்பதுதான் சரக்கு. அமெரிக்காவில் சில நூறு டாலருக்குக் கிடைக்கும் பழைய வெப்ளி ரிவால்வருக்கு இங்கே லட்சக்கணக்கில் கேட்பது அதனால்தான். ஆனால் உங்களுடையது ரெட்டைக்குழல். ரிவால்வருக்கு அலைகிற கூட்டம் அதற்கு இல்லை. அதோடு ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு உரிமதாரர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று. கையேடு எந்தப் பக்கத்தில் இதைச் சொல்லும்?

"திப்புவின் வாள் 140 கோடிக்குப் போனதாமே. எங்கள் பூர்வீக வீட்டுத் துப்பாக்கியும் அந்தக் காலத்ததுதான் என்று பாட்டி சொல்வார்." (அம்பத்தூர்)

பாட்டி சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உண்டு, ஏலத்தில் காகிதத்துக்குத்தான். 2023 மே மாதம் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலக் கம்பெனியில் அந்த வாள் 1.4 கோடி பவுண்டுக்குப் போனது. அவர்களே முன்கூட்டிச் சொன்ன மதிப்பு 15 முதல் 20 லட்சம் பவுண்டுதான். துப்பாக்கியில் இன்னும் தெளிவான உதாரணம் இருக்கிறது: பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை ஷெரீஃப் பாட் காரெட் சுட்ட கோல்ட் (Colt) கம்பெனி ரிவால்வர், 2021-இல் 60 லட்சம் டாலர். அதே மாடல், அதே தேய்மானம், காரெட் கை படாதது என்றால் அந்த விலையின் ஓரத்தைக்கூடத் தொடாது. மிச்சம் முழுக்க, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதைக் காட்டும் ஆவணத்தின் விலை.

திப்பு பெயர் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. அவருடைய ஆயுதச் சாலையிலிருந்து வந்த வேட்டைத் துப்பாக்கி ஒன்று 2015-இல் 7 லட்சம் பவுண்டைத் தாண்டியது, 2019-இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்த இன்னொன்று 60 ஆயிரம் பவுண்டு. இதில் எதைக் கையேட்டில் எழுதுவார்கள்?

"தாத்தா தவறி ஒரு வருஷமாகிறது, உரிமம் அவர் பெயரில், துப்பாக்கி பீரோவில். விற்றால் எவ்வளவு வரும்?" (பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்)

விலையை விடுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி அதைத் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், இன்றைக்கே. வாரிசு உரிமத்துக்குச் சென்னை என்றால் போலீஸ் கமிஷனர், மாவட்டம் என்றால் கலெக்டர். அதெல்லாம் முடிந்த பிறகு எனக்கு எழுதுங்கள்.

"ஆயுத பூஜைக்கு வருஷாவருஷம் பிராசோ போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைப்போம். பளபளவென்று இருக்கிறது. விலை கூடுமா?" (தாம்பரம்)

ஐயோ. குறையும். சேகரிப்பவர்களுக்குப் பழைய மெருகுதான் காசு, தேய்க்கத் தேய்க்க அதுவும் போகும், பொறித்த எழுத்தும் மழுங்கும். ஈரச் சந்தனம் காய்ந்த இடத்தில் துரு வட்டமாகப் பிடித்திருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முன்பு ஒருவர் நல்ல துப்பாக்கியை எங்கேயோ கொடுத்து நிக்கல் முலாம் பூசிக் கல்யாணப் பாத்திரம் மாதிரி கொண்டுவந்தார், அவரிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இனி மெல்லிய எண்ணெய்த் துணி போதும். பொட்டை உறைக்கு வையுங்கள், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"குழலில் மெட்ராஸ் கடைப் பெயர் பொறித்திருக்கிறது. இங்கேயே செய்ததா?" (புரசைவாக்கம்)

பெரும்பாலும் இருக்காது. ஓக்ஸ் அண்ட் கோ, கடிகாரத்துக்குப் பேர்போன மவுன்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளின் பெயரில் துப்பாக்கிகள் உண்டு. ஆனால் அந்தக் காலத்துக் கடைகள் இங்கிலாந்தில் செய்வித்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்பது சாதாரணம். குழலைக் கழற்றினால் அடியில், வலுவைச் சோதித்துக் குத்திய பரிசோதனை முத்திரை தெரியும், சோதித்தது பர்மிங்காமிலா லண்டனிலா என்று அதுவே சொல்லிவிடும். கழற்றுவதை உரிமம் உள்ள ஆயுதக் கடையில் செய்யுங்கள். குழல் முழுக்க நீரலை போல வரி ஓடினால் அது டமாஸ்கஸ் குழல், அதில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது.

"கரிமருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி, வேலை செய்யாது, ஹாலில் மாட்டலாமா? லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாமா?" (இரண்டு பேர், ஒரே கவலை)

பழங்காலத்தது, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்றால் ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் சுடாது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள், உரிமம் தரும் அதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள். லண்டன் யோசனையை மறந்துவிடுங்கள், நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது. திப்பு சாமான்கள் அங்கே ஏலம் போவது 1799-லேயே வெள்ளைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனதால்.

"எந்தக் கையேட்டை வாங்கலாம்?" (வேளச்சேரி)

அமெரிக்கப் பழந்துப்பாக்கி என்றால் ஃப்ளேடர்மேன் கையேடு. கடைசிப் பதிப்பு 2007, அதனால் விலையைப் பார்க்காமல் மாடலை அடையாளம் காண்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1898 வரை செய்தவை மத்தியச் சட்டத்தில் பழம்பொருள், 1899 என்றால் சாதாரணத் துப்பாக்கி. ஒரு வருஷ வித்தியாசத்தில் அங்கே விலை மாறும், நம் ஊரில் அந்தக் கோடு கிடையாது.