அம்மாவுக்கு 89 வயது. எனக்கும் அந்த ஆயுசு இருந்தால் என் சேமிப்பு தாங்குமா?

கேள்வி: எனக்கு 58 வயது. அருப்புக்கோட்டையில் வீட்டின் முன் அறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார். அம்மாவுக்கு 89 வயது, என்னோடுதான் இருக்கிறார். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். 76 வயது வரை மிஷின் மிதித்தார், இப்போதும் கண்ணாடி போட்டுக்கொண்டு கொக்கி தைத்துக் கொடுக்கிறார். நூல், கரண்ட், என்னிடம் வேலை செய்யும் பெண்ணுக்குச் சம்பளம் எல்லாம் போக எனக்கு மாதம் சராசரியாக 12,000 ரூபாய் நிற்கும். தீபாவளி, பொங்கல், கல்யாண மாதங்களில் கூடும். ஆடியிலும் மார்கழியிலும் பாதிதான். வீட்டுச் செலவு, அம்மாவின் மருந்து எல்லாம் சேர்த்து 11,000 ஆகிறது. கூட்டுறவு வங்கி ஒன்றில் டெபாசிட் 5.5 லட்சம் இருக்கிறது. அடுத்த வருடம் ஏலச் சீட்டில் 1.5 லட்சம் வரும். 14 சவரன் நகை, சொந்த வீடு, கடன் இல்லை. திருப்பூரில் இருக்கும் மகன், "60 வயதோடு தையலை விட்டுவிடு, டெபாசிட்டை எடுத்துத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தால் மாதம் 2 சதவீதம் தருகிறார், வீட்டையும் இப்போதே என் பெயருக்கு எழுதிவிடு" என்கிறான். மகளுக்கு சிவகாசியில் திருமணமாகி நன்றாக இருக்கிறாள். என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது உங்கள் அம்மாவின் வயதுதான். பணத்தைப் பற்றிக் கடிதம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "நான் திடீரென்று போய்விட்டால்?" என்றுதான் கேட்பார்கள். உங்கள் விஷயத்தில் கவலைப்பட வேண்டியது அதற்கு நேர்மாறானது. நம் நாட்டில் 60 வயதைத் தொட்ட ஒரு பெண் சராசரியாக எழுபதுகளின் கடைசி வரை வாழ்கிறார். சராசரி என்றால் அதைத் தாண்டிப் போகிறவர்கள் ஏராளம். உங்கள் வீட்டில் அதற்குக் கண்கூடான சாட்சியும் இருக்கிறது. அதனால் 95 வயது வரை கணக்குப் போடுவோம்.

முதலில் ஒரு வேலை. அம்மாவுக்கென்று மட்டும் என்ன செலவாகிறது என்று மூன்று மாதம் தனி நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை, டாக்டர், ஆட்டோ, தனியாகச் சமைக்கும் சாப்பாடு எல்லாம். நீங்கள் கடையில் இருக்கும்போது அவரைப் பார்த்துக்கொள்வதற்குப் போகும் உங்கள் நேரத்தையும் எழுதுங்கள். எந்தப் புள்ளிவிவரத்தைவிடவும் அந்த நோட்டு உங்கள் எண்பதுகளைப் பற்றிச் சரியாகச் சொல்லும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் முறை வரும்போது அந்த வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கலாம். அந்தத் தொகையையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது கணக்கு. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், செலவு 12 ஆண்டில் இரண்டு மடங்காகும். இன்றைய 11,000 உங்கள் 70 வயதில் 22,000. 82 வயதில் 44,000. நேராகவே சொல்கிறேன்: 60 வயதில் தையலை நிறுத்திவிட்டு இந்த 7 லட்சத்தை மட்டும் வைத்துச் செலவு செய்தால், நல்ல வட்டி வந்தாலும் ஐந்து வருடத்தில் பணம் தீர்ந்துவிடும். 65 வயதில் கை காலியாகும், உங்கள் அம்மாவின் ஆயுசுப்படி இன்னும் 24 ஆண்டுகள் மீதி இருக்கும்.

ஆகவே மகன் சொல்வதில் நான் முதலில் மறுப்பது, தையலை விடச் சொல்வதைத்தான். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய சொத்து அந்தத் தொழில். மாதம் 6,000 ரூபாய், அதாவது இப்போது சம்பாதிப்பதில் பாதி மட்டும் வந்தாலும், அது வருடத்துக்கு 72,000. அதை 8.2 சதவீத வட்டியாகப் பெற வேண்டுமானால் கிட்டத்தட்ட 8.8 லட்சம் டெபாசிட் வேண்டும். உங்கள் பாதி உழைப்பின் மதிப்பு உங்கள் மொத்தச் சேமிப்பைவிட அதிகம்.

அதற்காக 76 வயது வரை உடம்பை வருத்திக்கொண்டு மிதிக்கச் சொல்லவில்லை. வேலையின் வகையை மாற்றுங்கள். காலால் மிதிக்கும் மிஷினில் மோட்டார் மாட்டுவதற்குச் சில ஆயிரம்தான் ஆகும். முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி, ஊசிக்கு நேராக விழும் நல்ல விளக்கு இரண்டும் வேண்டும். சீட்டுப் பணத்தில் 50,000 ரூபாயைக் கடைக்கென்றே ஒதுக்கி இவற்றைச் செய்யுங்கள். தேவைப்பட்டால் ஒரு ஓவர்லாக் மிஷினும் வாங்குங்கள். இதைச் செலவுக் கணக்கில் எழுதாதீர்கள், முதலீட்டுக் கணக்கில் எழுதுங்கள். 65-க்கு மேல் கல்யாண அவசர ஜாக்கெட்டுகளை உங்களிடம் வேலை செய்யும் பெண்ணிடம் விட்டுவிட்டு, கட்டிங்கும் அளவெடுப்பதும் மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம். ஃபால்ஸ் அடிப்பது, சுடிதார் பிடிப்பது, ஓரம் தைப்பது போன்ற சின்ன வேலைகளுக்கு ஊரில் ஆள் கிடைப்பதில்லை. அதற்கு எப்போதும் கிராக்கி உண்டு. பள்ளி விடுமுறையில் நான்கு பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்தாலும் வருமானம்தான்.

கூலி விஷயத்துக்கு வருவோம். லைனிங் ஜாக்கெட்டுக்குக் கடைசியாக எப்போது கூலி ஏற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தையல்காரப் பெண்கள் பலர் "பழகிய வாடிக்கைக்காரங்க, எப்படிக் கேட்கிறது" என்று நான்கைந்து வருடம் அதே கூலிக்குத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். விலைவாசி 6 சதவீதம் ஏறும்போது கூலி நான்கு வருடம் அப்படியே நின்றால், உங்கள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை, சித்திரையில் என்று வைத்துக்கொள்ளுங்கள், 200 ரூபாய்க் கூலியை 215 ஆக்குங்கள். புது விலையை எழுதிக் கடையில் ஒட்டிவிடுங்கள். உங்கள் கை அளவு பிடித்துப்போன ஒருத்தி 15 ரூபாய்க்காக வேறு கடைக்குப் போக மாட்டாள்.

கண்ணும் கையும்தான் உங்கள் மூலதனம். புரை விழுந்திருக்கிறதா என்று வருடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் புரை அறுவை சிகிச்சை இலவசம். மதுரை பக்கத்தில்தான் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையிலும் பணம் கட்ட முடியாதவர்களுக்கு இலவச சிகிச்சை உண்டு. 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களோடுதான் கத்தி பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தார். விரல் மூட்டு வலிக்க ஆரம்பித்தால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போங்கள். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் சொல்லும் கணக்குப்படி உங்கள் வருமானம் வருடத்துக்கு 1.44 லட்சம், அந்த எல்லையைத் தாண்டுவதால் வருமானச் சான்றை முதலில் வாங்கிப் பாருங்கள்.

சேமிப்புக்கு வருகிறேன். மாதம் 2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 24. அவ்வளவு வட்டி நியாயமாகக் கொடுக்கக்கூடிய தொழில் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஈமு கோழியில் போட்டு 2012-இல் கொங்குப் பக்கம் எத்தனை குடும்பங்கள் அழுதன என்பதை மகனுக்கு நினைவுபடுத்துங்கள், திருப்பூரில் கேட்டாலே சொல்வார்கள். அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தெரிந்தவர் என்பது இதில் எந்தப் பாதுகாப்பும் தராது. ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

வங்கி டெபாசிட்டில் ஒரு சின்னத் திருத்தம். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைக்கும்தான் காப்பீடு. 5.5 லட்சத்தை ஒரே இடத்தில் வைக்காமல் 2 லட்சத்தைத் தபால் நிலையத்துக்கோ வேறு வங்கிக்கோ மாற்றுங்கள். 60 முடிந்ததும் 5 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் கணக்கில் வரும். ஐந்து வருடத் திட்டம், முடிந்ததும் மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கலாம். மீதி 1.5 லட்சம் அவசரத்துக்கு. அது நினைத்த நேரத்தில் எடுக்கும்படி இருக்கட்டும்.

அந்த 10,250-ஐ எடுத்துச் செலவு செய்யாதீர்கள். தையல் கூலி வீட்டை ஓட்டும்வரை வட்டியைத் தொட வேண்டாம். இந்த வருடமே 500 ரூபாய் கட்டி ஒரு பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு திறந்துவையுங்கள், 60-க்குப் பிறகு வரும் வட்டியை அதில் போட்டுக்கொண்டே வாருங்கள். 15 வருடக் கணக்கு என்பதால், கை தளரும் எழுபதுகளின் நடுவில் சரியாக முதிரும். வட்டி விகிதங்கள் நடுவில் குறையும் என்று வைத்துக்கொண்டாலும் 8 லட்சத்தை ஒட்டி வரும். அசல் 5 லட்சமும் அப்படியே இருக்கும்.

அந்த வயதில் அதில் ஒரு பகுதியை, மொத்தமாகக் கட்டினால் உடனே பென்ஷன் தொடங்கும் உடனடி பென்ஷன் பாலிசியில் போடச் சொல்வேன். கட்டிய தொகை நமக்குப் பின் வாரிசுக்குத் திரும்பி வரும் வகை, வராத வகை என்று இரண்டு உண்டு. ஏஜென்ட்கள் முதலாவதைத்தான் சொல்வார்கள், பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் நீண்ட ஆயுசு உள்ளவருக்கு, பென்ஷன் கூடுதலாக வரும் இரண்டாவதுதான் பொருத்தம். சேரும்போது வயது எவ்வளவு அதிகமோ, அதே தொகைக்கு அவ்வளவு அதிக பென்ஷன். 95 ஆனாலும் 100 ஆனாலும் வந்துகொண்டே இருக்கும். 58-இல் இதை வாங்காதீர்கள், 74, 75-இல் வாங்குங்கள்.

பென்ஷன் என்றதும் அவசரமான ஒன்று. தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் நீங்கள் பதிந்திருக்கிறீர்களா? 60 வயதுக்குள் பதிந்தால்தான் உண்டு. உங்களுக்கு இரண்டு வருடம்கூட முழுதாக இல்லை, அடுத்த வாரமே விருதுநகர் தொழிலாளர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். 60-க்குப் பிறகு மாதம் ஆயிரத்துச் சொச்சம் ஓய்வூதியம். தொகை சின்னதுதான், ஆனால் ஆயுள் முழுக்க வருவது. கண்ணாடி வாங்கவும் உதவித்தொகை உண்டு. மகளிர் உரிமைத் தொகை வாங்கிக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து கிடைக்குமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டை மகன் பெயருக்கு இப்போது எழுத வேண்டாம். மகன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முன் அறைதான் உங்கள் கடை; நாளைக்குத் தைக்க முடியாதபோது அதை வாடகைக்கு விட்டால் அதுவே ஒரு வருமானம். எழுதிக் கொடுத்த பிறகு அது உங்கள் கையில் இருக்காது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்து, பிறகு பார்த்துக்கொள்ளாவிட்டால் அதை ரத்து செய்ய 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆனாலும் 80 வயதில் அதற்காக அலைவது யாருக்கும் வேண்டாம். உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு செய்தால் இன்னும் நல்லது, மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். மகளுக்கும் அதில் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நகையைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இன்றைய விலைக்கு அந்த 14 சவரன் உங்கள் வங்கிப் பணத்தைவிடப் பெரிய தொகை. அது உங்கள் எண்பதுகளுக்கான பணம். ஆள் வைக்க வேண்டிய காலம் வந்தால் இரண்டிரண்டு சவரனாக விற்க வேண்டியிருக்கும் என்பதை மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். அதோடு, மகனும் மகளும் ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் இன்றிலிருந்தே உங்கள் கணக்கில் போடட்டும். அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறையில்தான் மகன் இத்தனை யோசனை சொல்கிறார், அதனால் இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். மேலே போட்ட கணக்கில் எண்பதுக்கு மேல் விழும் துண்டை இந்தப் பணம் கொஞ்சம் அடைக்கும். முழுதாக அடைக்காது. மீதியை நகையும் முன் அறை வாடகையும்தான் தாங்க வேண்டும்.

கடைசியாக, உங்களிடம் வேலை செய்யும் பெண்ணுக்கு 40 வயதுக்குள் இருந்தால், வருமான வரி கட்டாதவராகவும் இருந்தால், அவரை அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். 25 வயதில் சேர்கிறவர் மாதம் 376 ரூபாய் கட்டினால் 60-இலிருந்து மாதம் 5,000 ரூபாய் ஆயுள் வரை வரும். 30 வயதில் சேர்ந்தால் அதே பென்ஷனுக்கு 577 கட்ட வேண்டும். சேமிப்புக் கணக்கு உள்ள வங்கியிலேயே சேரலாம். முதல் வருடத் தவணையை தீபாவளி போனஸாக நீங்களே கட்டிவிடலாம்.