வாரத்துக்கு 16 மணி நேரம்தானே என்று கேட்ட அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, போன வாரம் வந்தபோது கடைக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்து போய்விட்டீர்கள். மகள் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு பி.எச்.டி. சேரவேண்டும் என்று நிற்கிறாள். "காலேஜ் புரொபசர் என்றால் பொம்பளப் பிள்ளைக்குத் தோதான வேலைதானே, வாரத்துக்கு 16 மணி நேரம், மே மாசம் லீவு" என்று கேட்டீர்கள். வாசலில் நின்று சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

16 மணி நேரம் என்பது பொய்யில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, அதற்கு மேலே இருப்பவர்களுக்கு 14. அதே விதியில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை என்றும் இருக்கிறது. அந்த வரி யார் கண்ணிலும் படுவதில்லை. லேப் ரெக்கார்டு திருத்த வேண்டும், இன்டர்னல் மார்க் ஏற்ற வேண்டும், வேல்யூவேஷன் கேம்புக்குப் போக வேண்டும். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிறது என்றால் ஐந்து வருடக் கோப்பைத் தூசு தட்டி அடுக்க வேண்டும். சில தனியார் கல்லூரிகளில், மே மாதம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுக்கே போய் அட்மிஷன் பிடித்து வரச் சொல்கிறார்கள். நீங்கள் சொன்ன லீவு அப்படித்தான் கழியும். இத்தனைக்கும் நடுவே மிஞ்சும் நேரத்தில்தான் ஆராய்ச்சி. ஆனால் மேலே போக அதுதான் ஏணி. பேராசிரியர் பதவிக்குக் குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரை வேண்டும்.

அந்த ஆராய்ச்சி எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கெமிஸ்ட்ரி லேபில் ஒரு பொருளைப் பிரித்தெடுக்க, கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல்லை நிரப்பி, கலவையை மேலே விட்டு, கரைப்பானைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, கீழே ஒவ்வொரு டெஸ்ட் டியூபாகப் பிடிப்பார்கள். 'காலம்' (column) போடுவது என்பார்கள். ஆங்கிலச் சொல்தான், தமிழாக எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. நகர முடியாது, சாப்பிடப் போகவும் முடியாது. நடுவில் குழாய் வறண்டு விரிசல் விட்டால், ஒரு வாரமாகச் செய்துவைத்த சரக்கு எல்லாம் கலந்துபோகும். மறுநாள் காலையில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்று நான்கு வருடம் இப்படித்தான். இதில் அலுப்பு தட்டாத பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் மகள் அந்த ரகமா என்பதுதான் என் கேள்வி, வேலை தோதா இல்லையா என்பது அப்புறம்.

சரி, பணம். அவள் முதலில் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வை எழுதட்டும், ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகையை வாங்கப் பார்க்கட்டும். 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000, ஹாஸ்டல் இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. மாதம் பிறந்ததும் வந்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள், சில சமயம் மூன்று மாதம் சேர்த்து வரும். உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தால் ஃபீஸ், கெமிக்கல், சாம்பிள் டெஸ்ட் என்று உங்கள் கையிலிருந்து போகும். ஒரு வருடம் வீட்டிலிருந்து படித்து ஜேஆர்எஃப் வாங்குவதை வீண் வருடமாக நினைக்காதீர்கள்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், இதில் அடிபட்டவன் நான். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்தேன், கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், யார் எவர் என்று விசாரிக்கவில்லை. சேர்ந்த வருடமே அவருக்கு நிர்வாகப் பதவி வந்தது. இரண்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேசியது நான்கு தடவை இருக்கும். மற்ற நாளெல்லாம் அறை வாசலில் பெஞ்சு. மூன்றாம் வருடம் விட்டுவிட்டு வந்தேன். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் கைடாக இருக்கலாம். அதனால் இடம் கிடைத்ததே பெரிது என்று பிள்ளைகள் தலையாட்டிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த லேபில் இப்போது இருக்கும் சீனியர்களைக் கேன்டீனில் பிடித்துப் பேசச் சொல்லுங்கள். கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது? அவர் இப்போது எங்கே இருக்கிறார்? கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சாகும் ஜர்னலில் போடச் சொல்கிற கைடு என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம்.

வேலை விஷயத்தில் மறைக்க ஒன்றுமில்லை. அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக நுழைந்தால் அடிப்படைச் சம்பளமே 57,700. நுழைவதுதான் பாடு. ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பி 2024 மார்ச்சில் 4,000 பணியிடங்களுக்கு அறிவிக்கை விட்டது, ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. காத்திருக்கும் காலத்தில் பலர் கௌரவ விரிவுரையாளராக, அதாவது தற்காலிக ஆசிரியராக, இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 வீதம் மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019லேயே சொல்லிவிட்டது. நம் ஊர் அரசுக் கல்லூரிகளில் அதைக் கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. கெமிஸ்ட்ரிக்கு ஒரு நல்லது, மருந்துக் கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவும் இருக்கிறது. கல்லூரி வேலை ஒன்றையே நம்பி உட்கார வேண்டியதில்லை.

நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் போனது கல்யாணம். பி.எச்.டி.க்கு ஆறு வருடம் வரை அவகாசம், பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் உண்டு, இடையில் 240 நாள் மகப்பேறு விடுப்பும் விதியிலேயே இருக்கிறது. எனவே கல்யாணம் ஆனால் படிப்பு நின்றுவிடும் என்று சட்டம் சொல்லவில்லை. நிறுத்துவது பெரும்பாலும் இரண்டு வீட்டுப் பெரியவர்கள்தான். வரன் பார்க்கும்போதே, மாப்பிள்ளை வீட்டில் லேபுக்கு இரவு எட்டு மணி வரை போவாள் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

வருகிற சனிக்கிழமை அவளை அனுப்புங்கள், நீங்கள் கடையைப் பாருங்கள். மார்க் ஷீட் வேண்டாம், எம்.எஸ்சி. புராஜெக்ட் நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். சரியாக வராத ரியாக்‌ஷனை எப்படி எழுதி வைத்திருக்கிறாள், அடித்துவிட்டு அடுத்த பக்கம் போயிருக்கிறாளா, ஏன் வரவில்லை என்று ஓரத்தில் ஏதாவது கிறுக்கியிருக்கிறாளா என்று பார்க்க வேண்டும்.