வீடியோ கேம்களில் சைடு குவெஸ்ட்கள், அதாவது மெயின் ஸ்டோரிக்கு வெளியே வருகிற கிளை வேலைகள், எதற்கு? சிலது ஏன் மறக்கவே முடிவதில்லை, சிலது ஏன் வெட்டி வேலையாகத் தெரிகிறது?

ஸ்பாய்லர் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விட்சர் 3, மஜோராஸ் மாஸ்க், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஆகியவற்றின் கதை கீழே வரும். இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் அந்தப் பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

என் பதில் இதுதான். ஒரு சைடு குவெஸ்டை “இப்போது வேண்டாம்” என்று விட்டுவிட்டுப் போக முடிகிற வரைக்கும் அது சுகம். அதைச் செய்தே தீர வேண்டும் என்று கேம் மறைமுகமாக நெருக்க ஆரம்பித்துவிட்டால் அதுவே சுமை. எழுத்து எப்படி, குரல் நடிப்பு எப்படி, பரிசு என்ன என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நல்ல உதாரணத்திலிருந்து வருகிறேன். 2015-இல் வந்த விட்சர் 3 ஒயிட் ஆர்ச்சர்ட் என்ற பகுதியில் தொடங்கும். அங்கே பூட்டிக் கிடக்கும் குடிசை ஒன்றின் வெளியே ஒரு பாட்டி நிற்பார். யாரோ ஒரு வெளியூர்க்காரனுக்கு இரவல் கொடுத்த அவருடைய வாணலி உள்ளே மாட்டிக்கொண்டது. அதை எடுத்துத் தர வேண்டும். அவ்வளவுதான் குவெஸ்ட். கேமின் நாயகனும் பேர்போன அசுர வேட்டைக்காரனுமான கெரால்ட்டிடம் கேட்கிற உதவி அது. சரி, பாட்டி பாவம் என்று கதவை உடைத்து உள்ளே போனால், ஒரு பிணம் கிடக்கிறது. பாதி எரிந்த காகிதங்கள் இருக்கின்றன. ஒற்றைக்கண் கண்ணாடி ஒன்று கிடக்கிறது. வாணலி மட்டும் துலக்கி வைத்ததுபோல் பளபளவென்று இருக்கிறது. இரவல் வாங்கிப் போனவன் எதற்காக அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும்? அதில் படிந்திருந்த கரியைச் சுரண்டி எழுத மை தயாரித்திருக்கிறார்கள் என்று கெரால்ட் கண்டுபிடிக்கிறான். அந்தப் பகுதியை நில்ஃப்கார்ட் என்ற பேரரசின் படை அப்போதுதான் பிடித்திருக்கிறது. அந்தச் சமயத்தில் ஒரு குடிசைக்குள் ரகசியமாக எதையோ எழுதி, எழுதியதை எரித்து, ஓர் ஆளையும் முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மொத்தமாகப் பத்து நிமிடம்கூட ஆகாது. கிடைக்கும் கூலி சொற்பம். செய்யாமல் போனாலும் மெயின் ஸ்டோரியில் ஒரு துரும்பும் அசையாது. ஆனால் போர் என்றால் அந்த ஊரில் என்ன அர்த்தம் என்று ராஜாக்களும் தளபதிகளும் பேசுகிற காட்சிகளைவிட எனக்கு இதுதான் நன்றாகச் சொன்னது. யாரும் என்னை அங்கே போகச் சொல்லவில்லை, நானாகக் காது கொடுத்தேன், அதற்குப் பலனாக ஒரு ரகசியம் கிடைத்தது. சைடு குவெஸ்டின் கவர்ச்சியே இதுதான் என்று நினைக்கிறேன். மெயின் ஸ்டோரியில் நடப்பது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் நடக்கும். இது நான் நின்று பேசியதால் நடந்தது.

விட்சர் 3-க்கு இன்னொரு வசதியும் உண்டு. கெரால்ட்டுக்குப் பிழைப்பே இதுதான். காசு வாங்கிக்கொண்டு பேயோட்டுகிறவன், கூலிக்குப் பேரம்கூடப் பேசுகிறவன், வழியில் நான்கு வேலை பார்ப்பதில் வியப்பில்லை. உலகத்தைக் காப்பாற்ற ஓடுகிற ராஜகுமாரன் கோழி பிடிக்கப் போனால் வருகிற உறுத்தல் இங்கே பாதியாகக் குறைந்துவிடுகிறது. முழுதாகப் போவதில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

சைடு குவெஸ்ட் என்ற கலையின் உச்சம் எது என்று கேட்டால் இப்போதும் 2000-இல் வந்த ஒரு நின்டெண்டோ 64 கேமைத்தான் சொல்வேன்: த லெஜண்ட் ஆஃப் செல்டா வரிசையின் மஜோராஸ் மாஸ்க். முந்தைய செல்டா கேமான ஆக்கரினா ஆஃப் டைமின் உருவங்களையும் எஞ்சினையும் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மறுபடி பயன்படுத்திக் குறுகிய காலத்தில் செய்த கேம் அது. பெரிய டன்ஜன்கள் (புதிர்களும் எதிரிகளும் நிறைந்த நிலவறைகள்) நான்கே நான்கு. மிச்ச உழைப்பெல்லாம் ஊர் ஜனங்களின் அன்றாடத்துக்குப் போயிருக்கிறது. மூன்று நாளில் நிலவு ஊரின் மேல் விழப் போகிறது. யார், எந்த நேரத்தில், எங்கே இருப்பார்கள் என்று ஒவ்வொருவருக்கும் அட்டவணை இருக்கிறது. நீங்கள் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி அந்த மூன்று நாளை மறுபடி மறுபடி வாழ்கிறீர்கள்.

அதில் அஞ்சு என்ற பெண் ஒரு விடுதி நடத்துகிறாள். அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை காஃபேயைக் காணவில்லை. முதல் நாள் இரவு 11:30 மணிக்குச் சமையலறைக்கு வரச் சொல்லி உங்களிடம் ஒரு கடிதம் கொடுப்பாள். அதைத் தபால் பெட்டியில் போட வேண்டும். மறுநாள் தபால்காரர் அதைக் கொண்டு போகிற இடத்தில் காத்திருந்தால் காஃபேயின் மறைவிடம் தெரியவரும். சாபத்தால் சிறு பையனாக மாறிப்போயிருக்கிறான். கல்யாண முகமூடியையும் ஒரு திருடன் கொண்டுபோய்விட்டான். அது இல்லாமல் அவள் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று ஒளிந்து கிடக்கிறான். தன் நினைவாக ஒரு பதக்கத்தை உங்களிடம் கொடுத்தனுப்புகிறான். அது கையில் கிடைத்தால்தான் அஞ்சு மூன்றாம் நாள் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகாமல் விடுதியிலேயே காத்திருப்பாள். கடைசி இரவு, நிலவு தலைக்கு மேல் வந்துவிட்ட நேரத்தில், முகமூடியோடு அவன் ஓடி வருவான்.

இதில் என்னை உலுக்கிய நுணுக்கம் வேறு. முதல் நாள் நள்ளிரவில் இதே திருடன் வெடிகுண்டுக் கடைப் பாட்டியிடமிருந்து பையைப் பறிப்பான். நீங்கள் தடுக்கலாம். தடுத்தால் பாட்டி தப்பித்தார். ஆனால் அவன் திருட்டுப் பொருளை விற்க வரமாட்டான், காஃபேயால் அவனைப் பின்தொடர முடியாது, அந்தச் சுற்றில் கல்யாணம் நடக்காது. இருவரில் ஒருவருக்குத்தான் உதவ முடியும். அப்புறம் காலத்தைத் திருப்பியதும், நீங்கள் சேர்த்து வைத்த ஜோடியும் மறுபடி பிரிந்துதான் இருக்கும்.

ஒன்றைத் தேர்ந்தால் இன்னொன்று கைநழுவும் என்பதால்தான் தேர்வுக்கு எடை வருகிறது. அதோடு இந்தக் கிளைக்கதை மெயின் ஸ்டோரியைப் பார்த்தே பேசுகிறது: நாளை எல்லாமே அழியப் போகிறது என்றால் இன்று யாருக்காகக் காத்திருப்பீர்கள்? நமக்குப் புதிதும் இல்லை. சூதில் நாட்டை இழந்து காட்டில் இருக்கும் தருமனுக்கு, சூதில் நாட்டை இழந்த நளன் கதையைத்தானே சொல்கிறார்கள்?

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

2014-இல் வந்த டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன் எனக்குப் பிடித்த கேம்தான். அதனால்தான் இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. வானம் கிழிந்து பூதங்கள் கொட்டுகின்றன. நீங்கள் ஒரு பெரிய இயக்கத்தின் தலைவர் ஆகப் போகிறீர்கள். ஆனால் ஹின்டர்லேண்ட்ஸ் என்ற முதல் பெரிய பகுதிக்குள் கால் வைத்ததும் அகதிகளுக்காக ஆட்டு இறைச்சி சேகரிக்கிறீர்கள், போர்வை தேடுகிறீர்கள், கொடி நடுகிறீர்கள். அகதிகளுக்குச் சோறு போடுவது நல்ல விஷயம்தான், ஆனால் அந்த அகதிகளில் ஒருவருடைய முகமாவது மனதில் நிற்கிறதா? இறைச்சியைக் கொடுத்தால் நன்றி என்று ஒரு வரி, அவ்வளவுதான். இதற்கெல்லாம் ‘பவர்’ என்று ஒரு புள்ளி தருவார்கள், மெயின் ஸ்டோரியின் அடுத்த கட்டத்தைத் திறக்க அது வேண்டும். ஆக, இது சைடு குவெஸ்ட் இல்லை, சுங்கச்சாவடி. கேம் வந்த புதிதில் “ஹின்டர்லேண்ட்ஸை விட்டு வெளியே போங்கள்” என்று ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அங்கேயே அலுத்துப்போய்க் கேமை மூடியவர்கள், பின்னால் வரும் அருமையான அரண்மனை விருந்துக் காட்சியைப் பார்க்காமலே போயிருப்பார்கள்.

2018-இல் வந்த அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மெயின் ஸ்டோரியின் அடுத்த பகுதிக்குப் போக லெவல் போதாது, எனவே சில்லறை வேலைகளைச் செய்து எக்ஸ்பி (லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளிகள்) சேர்க்க வேண்டும். அதே சமயம் எக்ஸ்பி வேகமாக ஏறுவதற்கு ஒரு பூஸ்டைக் கேமின் கடையில் நிஜக் காசுக்கு விற்றார்கள். கேமின் விலையைக் கொடுத்துவிட்ட ஒருவரிடம், அதை வேகமாகக் கடப்பதற்கும் காசு கேட்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. பழங்கால கிரேக்கத்தை அவ்வளவு அழகாகக் கட்டியவர்கள் அவர்கள். சாக்ரடீஸோடு வாக்குவாதம் செய்கிற சைடு குவெஸ்ட்கள் அதே கேமில் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. அவற்றை அவற்றுக்காகவே செய்ய விட்டிருக்கலாம்.

பத்து ஓநாய் கொல், பன்னிரண்டு தோல் கொண்டு வா என்ற பாணி பெரும்பாலும் ஆன்லைன் கேம்களில் வளர்ந்தது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் போல மாதச் சந்தாவில் ஓடுகிற கேமுக்கு ஆட்களை உள்ளே வைத்திருப்பதுதான் வருமானம். நண்பர்களோடு அரட்டையடித்துக்கொண்டே செய்கையில் அது அலுக்கவும் செய்யாது. தனியாக விளையாடுகிற கேமுக்குள் அதை அப்படியே தூக்கி வைத்தால் அரட்டை போய் ஓநாய் மட்டும் மிஞ்சுகிறது. ‘நூறு மணி நேரம் விளையாடலாம்’ என்று விளம்பரம் செய்ய உதவும், வேறு எதற்கும் உதவாது.

விட்சர் 3-இலேயே இந்தக் குறை உண்டு. மேப்பில் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிக் கடல் முழுக்கக் கேள்விக்குறிகள், இங்கே ஏதோ இருக்கிறது என்று காட்டும் அடையாளங்கள். படகில் போனால் மிதக்கும் பீப்பாய்கள், தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்கிற சைரன்கள் என்ற பறக்கும் அசுரர்கள், பீப்பாய்க்குள் விற்பதற்கு மட்டும் ஆகிற சாமான். அடுத்த கேள்விக்குறியிலும் அதேதான். வாணலிக்குள் ஒரு போரையே வைத்த அதே கேம் என்று நம்பவே முடியாது. தவிர, நல்ல சைடு குவெஸ்டையும் ஆறேழு லெவல் தாண்டிப் போய்ச் செய்தால் எக்ஸ்பி கிட்டத்தட்ட ஒன்றுமே வராது, எதிரிகளும் ஒரே அடியில் விழுவார்கள். அவசரக் குழப்பமும் இருக்கிறது. மகளாக வளர்த்த சிரியை வைல்டு ஹன்ட் என்ற பேய்ப்படை துரத்துகிறது, கெரால்ட்டோ சத்திரத்தில் உட்கார்ந்து க்வென்ட் சீட்டாடுகிறான். சீட்டாட்டம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த நேரத்தில் சிரியைப் பற்றிய பதற்றம் மனதிலிருந்து நழுவுவதை உணர முடிகிறது. கதையில் எங்கே மூச்சு விட இடம் இருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் கேம்தான் சொல்ல வேண்டும்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018) அதை ஓர் இடத்தில் மிக நன்றாகச் செய்தது. கதையின் பிற்பகுதியில் நாயகன் ஆர்தருக்குக் காசநோய் முற்றிவிட்டது, நாட்கள் குறைவு. அப்போது காட்டோரத்தில் சார்லட் என்ற பெண்ணைப் பார்க்கலாம். நகரத்தில் வளர்ந்தவள், கணவன் இறந்துவிட்டான், பசியால் வாடுகிறாள். வேட்டையாடத் தெரியாது. ஆர்தர் அவளுக்கு முயல் பிடிக்கக் கற்றுக் கொடுக்கிறான். அடுத்த முறை போகும்போது அவள் துப்பாக்கி பழகிக்கொண்டிருப்பாள், அவள் வீட்டில் இவன் இருமி இருமிச் சாய்ந்துவிடுவான். சாகப் போகிறவன் இன்னொருத்திக்குப் பிழைக்கச் சொல்லித் தருகிறான். பரிசை எல்லாம் யார் பார்த்தது! அந்த வீட்டுப் பக்கம் போகாமலே கேமை முடிக்கவும் முடியும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. செல்டா வரிசையிலேயே வந்த பிரெத் ஆஃப் த வைல்டில் (2017) 900 கோரோக் விதைகள் (கோரோக் என்ற குட்டி வன ஆவிகள் தருபவை) ஒளிந்திருக்கின்றன. ஆயுதப் பையை முழுதாகப் பெரிதாக்க 441 போதும். 900-ஐயும் சேர்த்தால் கிடைப்பது விளையாட்டாகக் கொடுக்கிற ஒரு பொன்னிறப் பொருள், அதனால் எந்தப் பயனும் இல்லை. பலருக்கு இது எரிச்சல். எனக்கு இது நேர்மையான வடிவமைப்பாகவே தோன்றுகிறது. எந்த மலையில் ஏறினாலும் ஏதாவது ஒன்று தட்டுப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும் என்பதற்காக இல்லை. எண்ணிக்கை அதே ஆனாலும் மேப்பில் 900 கேள்விக்குறிகளாகக் காட்டியிருந்தால் அது ஸ்கெல்லிகே கடலாகியிருக்கும்.

எல்லாவற்றையும் மேப்பில் குறித்துக் காட்டும் கேம்களுக்கு எதிர்முனை எல்டன் ரிங் (2022). குவெஸ்ட் பட்டியலே கிடையாது. ஓர் ஆளிடம் பேசிவிட்டு வேறு திசையில் போனால் அவருடைய கதை உங்களுக்குத் தெரியாமலே முடிந்திருக்கும். தவறவிடுகிற உரிமையை நான் மதிக்கிறேன், ஆனால் வேலை முடிந்து வந்து வாரத்தில் ஓரிரு இரவு மட்டும் விளையாடுகிறவருக்கு யார் எங்கே நின்றார்கள் என்பதே மறந்துபோகும். வெளிவந்த அடுத்த மாதமே பேட்ச் (கேமுக்கான திருத்தம்) ஒன்றில், சந்தித்த ஆட்களை மேப்பில் குறித்துக் காட்டும் வசதியைச் சேர்த்தார்கள். அந்த அளவு கைகொடுத்தால் போதும்.

நீங்கள் இப்போதுதான் விட்சர் 3 தொடங்குகிறீர்கள் என்றால், மேப்பில் கேள்விக்குறிகளை மறைத்துவிடுங்கள். ஊர்ப் பலகையில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் படியுங்கள், எது ஈர்க்கிறதோ அதை மட்டும் எடுங்கள். லெவல் எண் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்ட குவெஸ்டைக் கதைக்காக வேண்டுமானால் செய்யுங்கள், எக்ஸ்பிக்காக வேண்டாம். கதை ‘சீக்கிரம் வா’ என்று கூப்பிடுகிற இடத்தில் மெயின் குவெஸ்ட் பின்னாலேயே போய்விடுங்கள். ஸ்கெல்லிகேயில் தரையில் இருப்பவற்றைப் பாருங்கள், கடலை அப்படியே விட்டுவிடலாம்.