அம்மாவுக்கு ஃபைப்ராய்டு, அக்காவுக்கு பிசிஓஎஸ்: எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 26. அம்மாவுக்கு 42 வயதில் ஃபைப்ராய்டு கட்டி இருந்ததால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு பிசிஓஎஸ். எனக்கு மாதவிடாய் ஒழுங்காகத்தான் வருகிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது. இப்போதே மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளட்டுமா?

பதில்: இந்த இரண்டுக்காக மட்டும் என்றால், வேண்டாம். செலவழித்தாலும் உங்களுக்குப் பயன்படும் விடை கிடைக்காது.

பிசிஓஎஸ் என்பது ஹார்மோன் சமநிலை குலைந்து, மாதவிடாய் தள்ளிப்போக வைக்கும் கோளாறு. அது ஒரே மரபணுவால் வருவதில்லை. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளிவிடுகின்றன. உடல் எடையும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் சேர்ந்துகொள்கின்றன. அக்காவுக்கு இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் இது பெரும்பாலும் பருவ வயதிலேயே தலைகாட்டும். 26 வயதிலும் சுழற்சி ஒழுங்காக இருப்பது நல்ல அறிகுறி. 35 நாளைத் தாண்டித் தாண்டி வர ஆரம்பித்தாலோ, முகத்தில் ரோமம் கூடினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைத் தசையில் வளரும் புற்றுநோய் அல்லாத கட்டி, அதன் கதை வேறு. இந்தக் கட்டிகளில் சுமார் 70 சதவீதத்தில் மெட்12 என்ற மரபணு மாறியிருப்பதை 2011-இல் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் கட்டியின் செல்லுக்குள்தான் இருக்கிறது, அம்மாவிடமிருந்து வந்ததல்ல. அதனால் உங்கள் ரத்தத்தில் தேடினால் கிடைக்காது. கட்டி உருவாகும் போக்கு மட்டும் குடும்பத்தில் தொடரக்கூடும். இளவயதிலேயே நிறைய ஃபைப்ராய்டு, தோலில் வலிக்கும் சிறு கட்டிகள், குடும்பத்தில் சிறுநீரகப் புற்றுநோய் என்று சேர்ந்து வந்தால் அது அரிதான ஒரு பரம்பரை நோயாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனை உண்டு.

பரிசோதனை உண்மையிலேயே உயிர் காக்கும் இடம் புற்றுநோய். பிராக்கா1, பிராக்கா2 என்ற மரபணுக்களில் கோளாறு இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு கூடும். பிராக்கா1-இல் கோளாறு என்றால் 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம். பிராக்கா2 என்றால் 17 சதவீதம் அளவில். இது அப்பா வழியிலும் வரும். பெண்கள் நோய் என்று அம்மா பக்கத்தை மட்டும் விசாரிக்கிறோம். அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததை யாரும் சொல்வதே இல்லை. குடும்பத்தில் குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய்கள் இளவயதில் வந்திருந்தால் இந்தப் புற்றுநோய்களைக் குடும்பத்தில் தொடரச் செய்யும் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரை நிலையையும் யோசிக்க வேண்டும். இவற்றில் முதலில் சோதிக்க வேண்டியது, முடிந்தவரை, நோய் வந்தவரைத்தான்.

அதனால் ஒரு தாள் எடுங்கள். அம்மா, பெரியம்மா, சித்தி, அத்தை, இரு பாட்டிகள்: யாருக்கு என்ன நோய், எந்த வயதில் என்று எழுதுங்கள். அம்மாவின் பழைய ஃபைலில் பயாப்சி ரிப்போர்ட் இருக்கும், தேடுங்கள். ‘கட்டி, எடுத்துட்டாங்க’ என்பது மட்டும் எங்களுக்குப் போதாது. கட்டி எந்த வகை என்று அதில்தான் எழுதியிருக்கும்.

இன்னொன்று. மாதவிடாய் வலியில் சுருண்டு படுக்கும் பெண்ணிடம் ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்று அம்மா ஆறுதல் சொல்வார். அம்மாவுக்கும் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்ந்து வலி தரும் நோய்) இருந்திருக்கலாம். அதுவும் குடும்பத்தில் தொடர்வதுதான். வலியால் வேலைக்குப் போக முடியாமல் போனாலோ, மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ, வீட்டில் எத்தனை பேருக்கு அப்படி இருந்திருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.