மனிதர்களைப் புரிந்துகொள்ள விக்கிப்பீடியாவில் எழுதுவது உதவுமா?

உதவும். ஆனால் அங்கே இருக்கும் உளவியல் கட்டுரைகளைப் படிப்பதால் அல்ல, எழுதுகிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதால். நான் ஓய்வு நேரத்தில் அங்கே தொகுக்கிறவன். கட்டுரைகளை விட, மாற்றங்கள் பதிவாகும் ‘வரலாறு’, எழுதுகிறவர்கள் விவாதிக்கும் ‘உரையாடல்’ பக்கங்களில்தான் என் நேரம் அதிகம் போகிறது.

வீட்டிலோ அலுவலகத்திலோ சண்டை முடிந்ததும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இங்கே யார் எதை எப்போது மாற்றினார் என்பது நிமிடக் கணக்கோடு பதிவாகிவிடும். மழுப்ப முடியாது.

ஒரு நடிகரின் பிறந்த ஆண்டை ஒருவர் ஆதாரமில்லாமல் மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் அதை மீளமைத்து, அதாவது பழையபடி ஆக்கி, மாற்றத்துக்குக் காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் ‘விஷமம்’ என்று எழுதுகிறார். அவ்வளவுதான், முதலாமவர் உடனே திரும்பி வருவார். இந்த முறை ஆண்டுக்காக அல்ல, அந்த ஒற்றைச் சொல்லுக்காக. அதே மீளமைப்பை ‘ஆதாரம் இருந்தால் சேர்த்துவிடுங்கள்’ என்ற குறிப்போடு செய்து பாருங்கள். பெரும்பாலும் ஆதாரத்தைத் தேடிக்கொண்டு வருவார், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் போய்விடுவார். இரண்டிலும் அழிந்தது அதே திருத்தம்தான். இரண்டாவதில் அவர் மானம் போகவில்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தை மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விழலாம். உங்கள் தகவலே சரியாக இருந்தாலும் பொதுவாகத் தப்ப முடியாது. குடும்பச் சண்டைக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தது ‘என் கட்டுரை’ என்ற நினைப்பு. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று தெரிந்துதான் எழுதுகிறோம், ஆனாலும் ஒரு பத்தியை யாராவது நீக்கினால் சுருக்கென்கிறது. நார்ட்டன், மோச்சன், அரியேலி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், காகித மடிப்பில் பழக்கமில்லாதவர்கள் தாங்கள் மடித்த உருவங்களுக்கு, கைதேர்ந்தவர்கள் மடித்ததற்கு இணையாக மதிப்புப் போட்டார்கள். மற்றவர்களும் அப்படியே மதிப்பார்கள் என்று வேறு நம்பினார்கள். உரையாடல் பக்கங்களில் பாதிப் புலம்பல் இந்த இரண்டாவது நம்பிக்கையால் வருவதுதான்.

பாராட்டு விஷயத்தில் விக்கிப்பீடியாவையே வைத்து ஒரு சோதனை நடந்திருக்கிறது. ரெஸ்டிவோ, வான் டி ரைட் என்ற இரு ஆய்வாளர்கள், அதிகம் பங்களிக்கும் பயனர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அவர்கள் பக்கத்தில் ஒரு பதக்கப் படத்தைப் போட்டார்கள். காசு பெறாத படம். அடுத்த 90 நாட்களில், பதக்கம் பெறாதவர்களை விட அவர்களுடைய பங்களிப்பு சுமார் 60 சதவீதம் கூடுதலாக இருந்தது. சம்பளமே இல்லாத வேலையில் இது!

அப்புறம், சின்ன விஷயத்துக்குத்தான் பெரிய கூட்டம் சேரும். ‘ஸ்டார் டிரெக் இன்டு டார்க்னஸ்’ படத் தலைப்பில் ‘இன்டு’ பெரிய எழுத்தில் தொடங்க வேண்டுமா, சிறிய எழுத்திலா என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் 40,000 சொற்களுக்கு மேல் விவாதித்திருக்கிறார்கள். இயற்பியல் கட்டுரையில் பிழை இருந்தால் வாயைத் திறக்கத் தயங்குகிறவர்கூட ஓர் எழுத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிவிடலாம் இல்லையா?

ஒன்று கவனம். இதையெல்லாம் வைத்து எல்லா மனிதர்களும் இப்படித்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். எழுத வருகிறவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள் என்று விக்கிமீடியா அறக்கட்டளையின் கணக்கெடுப்புகளே சொல்கின்றன. சண்டை போடாமல் திருத்திவிட்டுப் போகிறவர்கள் உரையாடல் பக்கத்தில் கண்ணில் படவே மாட்டார்கள்.

தொடங்க நினைத்தால் எழுத்துப்பிழை திருத்துவதிலிருந்து தொடங்குங்கள். சர்ச்சையான கட்டுரைகளில் முதல் நாளே கைவைக்கப் பார்க்காதீர்கள். அவற்றில் பலவற்றைப் புதியவர்கள் தொகுக்க முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள், ஆனால் உரையாடல் பக்கத்தைப் படிக்கத் தடையில்லை.