பிரார்த்தனை இல்லாமல் அப்பாவை வழியனுப்பலாமா?

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப்புக்கு நெடுங்காலம் மேனேஜராக இருந்தவர், பிரார்த்தனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாதிரியார் இல்லாமல் இறுதிச்சடங்கு செல்லாது என்கிறார் உங்கள் அத்தை. தாராளமாகச் செல்லும். இறுதிச்சடங்கை இன்னார்தான் நடத்த வேண்டும் என்று அங்கே சட்டமே இல்லை. மரணப் பதிவும் தகனத்துக்கான படிவங்களும் சரியாக இருந்தால் போதும்.

மத நம்பிக்கை இல்லாதவர்களுக்காக 1896இல் தொடங்கிய ஹியூமனிஸ்ட்ஸ் யுகே அமைப்பில், மதச் சடங்கில்லாத இறுதி நிகழ்ச்சியை நடத்தவென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தோடு பேசி, கதைகளைக் கேட்டு, உரையை எழுதுவார்கள். அவர்களிடம் அப்பாவின் அணி வென்ற கோப்பைகளின் பட்டியலைக் கொடுக்காதீர்கள், அது ஊருக்கே தெரியும். அணியில் இடம் கிடைக்காத பையனைத் தனியே கூப்பிட்டு, தோளில் கைபோட்டுக் காரணம் சொல்வார் அப்பா என்று எழுதியிருந்தீர்களே, அதைச் சொல்லுங்கள். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தகனக்கூடத்தில் பெரும்பாலும் அரைமணி, முக்கால் மணிதான் தருவார்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கான நேரத்தைச் சேர்த்துக் கேளுங்கள். ரசிகர்கள் எல்லாரும் உள்ளே கொள்ளமாட்டார்கள். சவ ஊர்தி மைதான வாசல் வழியே மெல்லப் போகட்டும், அங்கே நின்று கைதட்டட்டும்.

அத்தைக்காக நடுவில் ஒரு நிமிட மௌனம் வையுங்கள். அதில் அவர் மனசுக்குள் ஜெபித்துக்கொள்ளலாம்.