மாரி காலத்தில் குசினி யன்னல்களை அடைத்துவிட்டு எரிவாயு அடுப்பை எரிக்கலாமா?

மட்டக்களப்பில் மாரி மழையின் சாரலுக்கு அஞ்சிக் குசினி யன்னல்களை முழுதாக அடைத்துவிட்டு எரிவாயு அடுப்பில் சமைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், சமைக்கவே கூடாது.

புகைபோக்கி இல்லாத அடுப்பு, அறையிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு கழிவு வாயுக்களை அங்கேயே விடுகிறது. ஒட்சிசன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உருவாகும். அது குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைந்து, உடலுக்கு ஒட்சிசன் கிடைக்காமல் செய்கிறது; கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாததால், தலைவலியும் மயக்கமும் வரும்வரை ஆபத்தை எவரும் உணர்வதில்லை. நீலச் சுவாலை மஞ்சளாவதையும் பாத்திரத்தின் அடியில் கரி படிவதையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

சூடான கழிவு வாயு மேலெழுவதால் கூரையோரம் ஒரு திறப்பும், சிலிண்டரிலிருந்து கசியும் வாயு காற்றைவிடப் பாரமானது என்பதால் தரையோரம் இன்னொரு திறப்பும் வேண்டும். சாரல் அடிக்காத பக்கத்து யன்னலையாவது திறந்து வையுங்கள். குசினியை ஒட்டிய அறையில் குழந்தை உறங்கும் வீடென்றால், இதில் சற்றும் தளர்வு வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.